மலையகத்தில் குடிவரவுச் சட்டத்தரணி: எதற்குப் போகலாம், எதற்கு வேண்டாம்

ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள சட்டத்தரணிகளின் பலம் விசா அல்ல, ஆவணத் திருத்தம். அதில் பலர் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள். தோட்டக் குடும்பங்களின் விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான்: பிறப்புச் சான்றிதழில் ‘ராமையா’, அடையாள அட்டையில் ‘இராமய்யா’, கடவுச்சீட்டின் ஆங்கில எழுத்தில் மூன்றாவது விதம்.

நல்லவர் முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் மேசையில் விரித்து, பெயர், பிறந்த திகதி, தந்தை பெயர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பிழை பிறப்புப் பதிவிலேயே இருந்தால் வெறும் சத்தியக்கடதாசி போதாது. முதலில் பிரதேச செயலகத்தில் பதிவைத் திருத்தி, பிறகு அடையாள அட்டை, கடைசியில் கடவுச்சீட்டு. வரிசை மாறினால் கட்டணம் இரண்டு தடவை போகும், அலைச்சலும் அப்படியே.

பாட்டன் காலத்துப் பிரஜாவுரிமைக் கடதாசி இல்லையென்று பயமுறுத்திப் பணம் கேட்பவரிடம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை பெற வழி செய்தது அது.

கனடா விசா விண்ணப்பத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு பிரதிநிதியாக நிற்க, அந்நாட்டுச் சட்டத்தரணி, அங்கு உரிமம் பெற்ற ஆலோசகர் போன்ற, அந்நாடு அனுமதித்த ஒருவராக இருக்கவேண்டும். “நானே முடித்துத் தருகிறேன்” என்று உள்ளூரில் யாரும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டத்தரணியின் கூலியையும் அரசாங்கக் கட்டணத்தையும் தனித்தனியாக எழுதி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூலப்பிரதிகளைக் காட்டலாம், விட்டுவிட்டு வரவேண்டாம்.