சென்னை – தூத்துக்குடி விமானப் பயணம்: தூரமும் உண்மையான நேரமும்

சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வான்வழித் தூரம் எவ்வளவு என்று இணையத்தில் தேடினால், சுமார் 525 கிலோமீட்டர் என்றும், ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்தால் போதும் என்றும் விடை வருகிறது. தூரம் சரிதான். நேரமோ, ஜெட் விமான வேகத்தை வைத்துப் போட்ட பொதுக்கணக்கு. இந்த வழித்தடத்தில் பல ஆண்டுகளாகப் போய்வரும் அனுபவத்தில் சொல்கிறேன்: வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஊர் போய்ச் சேரும் வரை ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை நெடுங்காலம் 1,350 மீட்டர் நீளமே இருந்ததால், ஏறத்தாழ எழுபது பேர் அமரும் ஏ.டி.ஆர். 72 வகை விமானங்களே இங்கு வந்துபோயின. விசிறி எஞ்சின் கொண்ட அவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். வானில் இருப்பது ஒன்றேகால் மணி நேரம் என்றாலும், ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதையும் சென்னையில் புறப்படும் முறைக்குக் காத்திருப்பதையும் சேர்த்து, கால அட்டவணையில் ஒன்றரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோதான் போட்டிருப்பார்கள்.

இருக்கை தேர்வு செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இவ்விமானத்தில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம் உள்ளது. முன்பக்கம் சரக்கு அறை. ஆகவே பின்வரிசையில் இருப்பவர்களே முதலில் இறங்குவார்கள், விசிறிகளின் இரைச்சலும் அங்கே குறைவு. இறக்கை மேலே அமைந்திருப்பதால் சன்னல் வழியே தரை நன்றாகத் தெரியும். சாலை திருச்சி, மதுரை என்று வளைந்து சுமார் 600 கிலோமீட்டர் போகிறது. வரைபடத்தில் நேர்கோடு இழுத்தாலோ அது தஞ்சாவூரை ஒட்டிக் காவிரிப் படுகையைக் கடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் குலுக்கல் கூடுதலாக இருக்கும், ஏனெனில் ஏ.டி.ஆர். ஜெட் விமானங்களின் உயரத்திற்குப் போவதில்லை, மேகங்களுக்குள்ளேயே புகுந்து வரவேண்டியிருக்கும்.

இறங்கிய பின் பயணம் எளிது. நிலையம் திருநெல்வேலிச் சாலையிலேயே இருப்பதால், தூத்துக்குடி நகரம் சுமார் 15 கிலோமீட்டர், நெல்லை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நேரத்தை விழுங்குவது சென்னைப் பக்கம்தான். நகர நெரிசலைத் தாண்டி, பாதுகாப்புச் சோதனைக்காக முன்கூட்டியே போய்ச் சேர்வதற்குள், பறக்கும் நேரத்தைவிட இரு மடங்கு கழிந்துவிடுகிறது.

2025 ஜூலையில் வாகைக்குளத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீட்டப்பட்டிருக்கிறது. பெரிய விமானங்கள் இறங்க இனித் தடையில்லை என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனாலும் இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட் விமானம் மிச்சப்படுத்துவது இருபது நிமிடம் இருந்தால் அதிகம். இருக்கைகள் கூடுவதும், அதனால் பண்டிகைக் காலக் கட்டணம் தணிய வழி பிறப்பதுமே உண்மையான பயன்.

மதுரைக்குப் பறந்து அங்கிருந்து காரில் வருவதை நான் பரிந்துரைப்பதில்லை. சாலையில் மேலும் இரண்டரை மணி நேரம் போய்விடும். தாம்பரம் பக்கம் குடியிருந்து, மறுநாள் காலையில்தான் ஊரில் வேலை என்றால், பதினொரு மணி நேரத்தில் கொண்டுசேர்க்கும் முத்துநகர் எக்ஸ்பிரஸே போதும். பகலில் வேலையை முடித்துக்கொண்டு அன்றே திரும்ப வேண்டியவர்களுக்கு விமானத்தை விட்டால் வேறு வழியில்லை.