ஹட்டன் வகுப்பா, பழைய வினாத்தாளா: தரம் 11 கணிதத்துக்கு எது உதவும்?

உயர்தரத்துக்குத் தகுதி பெற, தரம் 11இன் முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் பொதுவாகத் தாய்மொழியும் கணிதமும் உள்ளடங்கலாக ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும் என்பதால், தரம் 11இல் கணிதம் தடுமாறும் பிள்ளையின் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ஹட்டன் நகரத்துத் தனியார் வகுப்புக்கு அனுப்புவதா என்பதுதான். வீட்டிலிருந்தே பழைய வினாத்தாள்களைச் செய்விப்பது இரண்டாவது வழி. கைத்தொலைபேசியில் காணொளி பார்ப்பது மூன்றாவது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வகுப்புக்குப் போகும் பிள்ளை, லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து) பிரதான வீதிக்கு நடந்து, நோர்வூட், டிக்கோயா வழியாகப் பஸ்ஸில் ஹட்டனை அடைந்து, மாலையில் மழையோடு திரும்புவதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடுகிறது. கட்டணத்தோடு பஸ் காசும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். ஆயினும் நல்ல வகுப்பாசிரியர் ஒரு தேற்றத்தைக் கரும்பலகையில் நிறுவிக் காட்டும்போது கிடைக்கும் தெளிவைத் தாளில் மட்டும் பெறுவது கடினம். கணித ஆசிரியர் இல்லாமலே ஒரு தவணையைக் கழித்த பாடசாலைப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய ஒரே வாய்ப்பு. குறை என்னவென்றால், மண்டபம் நிறைந்த வகுப்பில் பிள்ளை எழுதிக்கொண்டு வருவது ஆசிரியர் செய்த கணக்கையே. தன் கணக்கு எந்த வரியில் பிழைத்தது என்று பார்த்துச் சொல்ல அங்கே எவருக்கும் நேரமில்லை.

பழைய வினாத்தாளின் பலம் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. முதலாம் வினாத்தாளுக்கு இரண்டு மணித்தியாலம்: பகுதி அ-வில் தலா 2 புள்ளி வீதம் 25 சிறு வினாக்கள், பகுதி ஆ-வில் தலா 10 புள்ளி வீதம் 5 வினாக்கள். இரண்டாம் வினாத்தாளில் மூன்று மணித்தியாலத்தில் பகுதிக்கு ஐந்தாகப் பத்து வினாக்கள். மொத்தம் 200 புள்ளிகள். சாதாரண சித்திக்குரிய நூற்றுக்கு 35 என்பதை இதன்படி கணக்கிட்டால் 70 புள்ளி வருகிறது. அதில் 50 புள்ளி வரை அந்த 25 சிறு வினாக்களிலேயே கிடக்கிறது. சித்தியின் விளிம்பில் நிற்கும் பிள்ளை இதை அறியாமல் வட்டத் தேற்றங்களோடு மல்லுக்கட்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கேத்திரகணித உருவங்களை வரையும் அமைப்பு வினாவும் அப்படித்தான்: கவராயமும் நேர்விளிம்பும் கையில் பழகி, அமைப்புக் கோடுகளை அழிக்காமல் விட்டால், இறுதிப்படி தவறினாலும் முன்னைய படிகளுக்குப் புள்ளி உண்டு. கேத்திரகணித நிறுவலில் ஒவ்வொரு கூற்றுக்கும் காரணம் எழுதும் பழக்கத்தைப் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதே பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஆனால் விடையை முதலில் பார்த்துவிட்டு “எனக்குத் தெரியும்” என்று தாளை மூடும் பிள்ளைக்கு இந்த வழியால் எந்தப் பயனும் இல்லை.

காணொளி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மடக்கை அட்டவணையை வாசிப்பது போன்ற தனித்த ஒரு சந்தேகத்தைத் தீர்க்க அது போதும். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று முழுப் பாடத்தையும் அதில் படிக்க முடியாது.

என் தீர்ப்பு பிள்ளையின் அடித்தளத்தைப் பொறுத்தது. காரணிப்படுத்தலும் அட்சரகணிதப் பின்னமும் தரம் 9இலேயே உடைந்துபோயிருந்தால், பழைய வினாத்தாள் ஒவ்வொரு வாரமும் அதே தோல்வியைத்தான் திரும்பக் காட்டும். அந்தப் பிள்ளைக்கு வகுப்பு வேண்டும், அதுவும் கூட்டம் குறைந்த வகுப்பு. பாடசாலைத் தவணைப் பரீட்சையில் 25க்கும் 45க்கும் இடையில் பெறும் பிள்ளைக்கு, பஸ்ஸில் செல்லும் ஞாயிறைவிட லயத்து நண்பர்கள் மூவரோடு கடிகாரத்தை வைத்து எழுதும் ஒரு முதலாம் வினாத்தாளே மேல். தாள்களை மாற்றித் திருத்திய பின், நால்வருக்கும் பிழைத்த வினாக்களை மட்டும் திங்கட்கிழமை பாடசாலைக் கணித ஆசிரியரிடம் கொண்டுபோகலாம். மூன்று, நான்கு வினாக்கள் என்றால் இடைவேளையில் அவரே செய்து காட்டிவிடுவார்.