மர்பி பெட்டியில் இலங்கை வானொலி: பதினைந்து வருஷம் கேட்டவன் எழுதுவது

1970 வாக்கில் திருவல்லிக்கேணியில் எங்கள் ஒண்டுக் குடித்தனத்துக்கு ஒரு மர்பி வால்வு ரேடியோ வந்தது. 1985இல் டிவி வரும் வரைக்கும் அதில் நாங்கள் அதிகம் கேட்டது இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவைதான்.

முதலில் குறைகள். ஸ்விட்சைத் திருப்பினால் வால்வு சூடாகவே அரை நிமிஷம் ஆகும். அப்புறம் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தணும். கொஞ்சம் தப்பினால் யாரோ சீன மொழியில் செய்தி வாசிப்பார். பிடித்துவிட்டாலும் நிம்மதி கிடையாது, சிற்றலை (ஷார்ட் வேவ்) ஏறும், இறங்கும். பல்லவி இரைந்து கேட்கும், சரணத்தில் கரைந்துவிடும். பல பாட்டுகளில் இரண்டாவது சரணம் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த இடம் வந்தால் மனசுக்குள் ஒரு 'உஸ்ஸ்' ஓடும், அவ்வளவுதான். மொட்டைமாடி மூங்கிலில் கட்டியிருந்த ஏரியலைக் காக்காய் அறுத்த நாளில் திட்டு வாங்கியது நான்.

இவ்வளவு பாட்டுக்கு ஏன் பட்டோம்? 1950களில் கேஸ்கர் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியாக இருந்தபோது அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது. கொழும்பு அதை வாரி எடுத்துக்கொண்டது. உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்காக அமைத்த ரேடியோ சியாக் நிலையம் இலங்கைக்குக் கைமாறியிருந்ததால் அவர்கள் குரல் கடல் தாண்டி எட்டியது. இங்கே 1957இல் சினிமாப் பாட்டு போடும் அகில இந்திய வானொலியின் விவித் பாரதி வந்தது, 1967இல் விளம்பரமும் தொடங்கியது. ஆனாலும் அப்பாவின் கை அந்த முள்ளைக் கொழும்புப் பக்கமேதான் தள்ளியது.

நான் கேட்டது பாட்டுக்காக மட்டுமில்லை, அறிவிப்பாளர்களுக்காகவும்தான். கே.எஸ். ராஜா ஒரு புதுப் படத்துக்கு விளம்பரம் செய்தால் வசனத்தை வெட்டி, பாட்டை ஒட்டி, மூச்சு விடாமல் பேசி, படம் பார்த்த மாதிரியே ஆக்கிவிடுவார். நிஜப் படம் பெரும்பாலும் அதற்கு ஒரு மாற்றுக் குறைவாகவே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த விளம்பரமெல்லாம் அவர்கள் ஊர் தியேட்டர்களுக்கு. கொழும்பு, யாழ்ப்பாணம் தியேட்டர் பெயர்கள் எங்கள் தெரு ஸ்டார் டாக்கீஸ் போல எங்களுக்கு மனப்பாடம். ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் பாட்டி அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிடுவாள். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' 1990களில் டிவிக்கு வந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதைப் புதுசு என்று நினைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அங்கே நிலைமை மாறிப்போனது. பழகிய குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பின்னாளில் கே.எஸ். ராஜா கொல்லப்பட்டார் என்று தெரிந்த அன்றைக்கு, மூலையில் துணி போர்த்திக் கிடந்த மர்பியை அப்பா ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். வால்வு எரியவில்லை.

இப்போது போனில் இலங்கையின் தென்றல் எப்.எம். துல்லியமாகக் கேட்கிறது, ஒரு இரைச்சல் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் போடுகிறேன், பத்து நிமிஷத்தில் கை வேறு எதையோ தேடிப் போய்விடுகிறது. நம்மூர் எப்.எம்.களைப் பற்றி என்ன சொல்ல? தொகுப்பாளர் சொன்ன ஜோக்குக்கு அவரே சிரித்து முடிப்பதற்குள் பாட்டு பாதி போய்விடுகிறது. யார் பாடியது, யார் இசை என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. 1977இல் அக்கா ஒரு பாட்டு கேட்டுக் கொழும்புக்குக் கடிதம் போட்டாள். தினமும் சாயங்காலம் ரேடியோவோடு காதை ஒட்டிக்கொண்டு இருந்தோம். ஒரு நாள், "சென்னை, திருவல்லிக்கேணியிலிருந்து..." என்று குரல் வந்தது. அடுத்த நொடி அலை இறங்கிவிட்டது. பெயர் வாசித்த இடம் முழுக்க உஸ்ஸ். திரும்ப வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அக்கா கேட்ட பாட்டு இல்லை. அது தன் பெயர்தான், பாட்டைத்தான் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்கிறாள் அக்கா. திருவல்லிக்கேணியில் நீ ஒருத்திதான் இருந்தாயா என்று நான் கேட்டால், இன்றைக்கும் இரண்டு நாள் பேசமாட்டாள்.