படம் பார்க்க "லைசன்ஸ் புதுப்பித்தல்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

திருகோணமலையில் கணினி திருத்தக் கொடுக்கப்போகிறவர்கள், முக்கியமாக வெளிநாட்டில் இருந்தபோது ஐடியூன்ஸில் (படம், பாட்டு வாங்கவும் ஓட்டவும் அப்பிள் கம்பனி தருகிற மென்பொருள்) படமும் தொடரும் வாங்கி வைத்திருப்பவர்கள், இதைத் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். என்னிடம் 6,500 ரூபாயை ஏமாற்றி வாங்கியிருக்கிறார்கள். காசு போனதைவிட எனக்கு நோகிற விஷயம், மூன்று வாரமாக என் கணக்கு வேற்றாள் கையில் திறந்து கிடந்ததுதான்.

நான் ஒன்பது வருடம் ரொறன்ரோவில் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்க்க உப்புவெளிக்குத் திரும்பியவள். அங்கே உழைத்த காசில் வாங்கிய படங்களும் தொடர்களும் ஒரு வன்தட்டு நிறைய இருக்கின்றன. அம்மாவுக்கு அவற்றில் ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: கடல் பற்றிய ஆவணத் தொடரில் நீலத்திமிங்கிலம் வருகிற பகுதி. அந்தக் காலத்தில் கோணேசர் கோயிலுக்குப் போனால் மலை விளிம்பில் நின்று திமிங்கிலம் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். இப்போது முழங்கால் விடாது. அதனால் வீட்டில் அந்தப் பகுதி ஓடாத நாள் குறைவு.

மாசி மாதம் கணினி நின்றுபோயிற்று. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற வீட்டில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை; பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால் மதர்போர்டின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. நகரத்தில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அங்கே வேலை செய்கிற தம்பி அழைத்தார். "அக்கா, விண்டோஸ் புதிதாகப் போட்டுவிட்டேன். உங்கள் படங்கள் ஓட வேண்டுமென்றால் அப்பிள் கணக்கின் கடவுச்சொல் வேண்டும்" என்றார். கொடுத்தேன். உடனே என் தொலைபேசிக்கு, கணக்குக்குள் நுழைவது நான்தானா என்று உறுதிசெய்கிற ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. அதையும் கேட்டார், வாசித்துச் சொன்னேன். மறுநாள் இன்னொன்று. மூன்றாவது எண் வந்தபோது நான் சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். அந்த இரைச்சலில் தம்பிக்குக் கேட்கவில்லை என்று ஒவ்வொரு இலக்கமாக உரத்துச் சொன்னேன். ஒரு கணினிக்கு எதற்கு மூன்று முறை எண் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பற்றுச்சீட்டில் மூன்று வரி இருந்தது. சுத்தம் செய்தது, விண்டோஸ் போட்டது, மூன்றாவதாக "மூவி லைசன்ஸ் புதுப்பித்தல் 6,500". என்ன இது என்று கேட்டதற்கு, "அது அப்பிள் கம்பனிக்குப் போகிற காசு, அக்கா. கணினி மாறினால் கட்டத்தான் வேண்டும்" என்றார். சுத்தப் பொய். காசு கொடுத்து வாங்கிய படத்தை ஓட்டக் கணினிக்கு அனுமதி கொடுப்பது இலவசம். ஐடியூன்ஸைத் திறந்து, மேலே அக்கவுண்ட், அதற்குள் ஒதரைசேஷன்ஸ், அதற்குள் "ஒதரைஸ் திஸ் கம்பியூட்டர்". கடவுச்சொல்லை நீங்களே அடித்தால் வேலை முடிந்தது. அந்த நேரத்தில் இணையம் இருந்தால் போதும்; பிறகு வன்தட்டில் இருக்கிற படம் இணையம் இல்லாமலும் ஓடும்.

மூன்று வாரத்தில் கணினி மறுபடி நின்றது. உத்தரவாதம் இருக்கிறது என்று கடையில் மீண்டும் விண்டோஸ் போட்டுத் தந்தார்கள். வீட்டில் அம்மாவை உட்காரவைத்துத் திமிங்கிலத்தைப் போட்டால், இந்தக் கணக்கில் ஏற்கெனவே ஐந்து கணினிகளுக்கு அனுமதி கொடுத்தாயிற்று என்று திரையில் வந்தது. ஒரு கணக்குக்கு ஐந்து கணினிதான் வரம்பு. தொலைபேசியும் ஐபாடும் அந்த ஐந்தில் சேராது.

திரும்பவும் கடைக்குப் போனேன். "லைசன்ஸ் முடிந்துவிட்டது, அக்கா. உங்களுக்கென்றபடியால் 5,000 போதும்" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தம்பி மேசைக் கணினியை என் பக்கம் திருப்பினார். அதில் ஐடியூன்ஸ் திறந்தபடி இருந்தது. அக்கவுண்ட் பட்டியலில் என் மின்னஞ்சல் முகவரி. என் பார்வை போன இடத்தைக் கண்டதும் சட்டென்று மூடிவிட்டு, "பரிசோதித்துப் பார்த்தது" என்றார். வாங்கிய படத்தின் கோப்பை யாரும் பிரதி எடுக்கலாம், ஆனால் அனுமதி இல்லாத கணினியில் அது ஓடாது. ஓடவைக்கத்தான் அவர்களுக்கு அந்த எண்கள் தேவைப்பட்டிருக்கின்றன. நான் ஒரு சதமும் கொடுக்காமல் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு அப்பிளின் உதவிப் பக்கங்களை உட்கார்ந்து வாசித்தேன். ரொறன்ரோவில் தோழிக்குக் கொடுத்துவிட்டு வந்த மடிக்கணினி ஒன்று; அதன் அனுமதியை நான் நீக்கவே இல்லை. திருத்துவதற்கு முன்பிருந்த இந்தக் கணினி ஒன்று. விண்டோஸ் புதிதாகப் போட்டபின் அதே கணினி இன்னொன்றாக எண்ணப்படலாமாம், அது ஒன்று. கடையில் நான் கண்ணால் கண்டது ஒன்று. ஐந்தாவது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கணக்குப் பக்கம் எண்ணிக்கையை மட்டும்தான் காட்டுகிறது.

இதனால் சொல்கிறேன்: விண்டோஸ் மாற்றவோ, திருத்தவோ, விற்கவோ கொடுப்பதற்கு முன் அதே பட்டியலில் "டீஒதரைஸ் திஸ் கம்பியூட்டர்" என்பதை அழுத்திவிட்டுக் கொடுங்கள். ஒரு தனிக் கணினியின் அனுமதியை அந்தக் கணினியில் இருந்துதான் நீக்க முடியும். கணினி உயிரோடு இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். ஐடியூன்ஸில் உங்கள் கணக்குப் பக்கத்தில் "டீஒதரைஸ் ஆல்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எல்லாக் கணினியின் அனுமதியையும் ஒரேயடியாக நீக்கிவிடும். நான் அதை அழுத்தி, கடவுச்சொல்லை மாற்றி, இந்தக் கணினிக்கு மட்டும் புதிதாக அனுமதி கொடுத்தேன். தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது. இதற்கா 6,500 ரூபாய்?

கடவுச்சொல்லைக் கேட்டால், "நானே வந்து அடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். தொலைபேசிக்கு வருகிற ஆறு இலக்கத்தை எந்தத் தம்பிக்கும், எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், வாசித்துச் சொல்லாதீர்கள்.

பற்றுச்சீட்டை வைத்திருக்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடப் போகிறேன். உங்கள் சீட்டிலும் இப்படியொரு வரி இருந்தால் எறியாமல் நீங்களும் முறையிடுங்கள். அம்மாவின் திமிங்கிலம் ஓடுகிறது. ஆனால் "டீஒதரைஸ் ஆல்" வருடத்துக்கு ஒருமுறைதான். இனி ஒரு வருடத்துக்கு இந்தக் கணினிக்கு என்ன நடந்தாலும் அந்தப் பொத்தான் எனக்கு இல்லை.