ஓசூரில் வெள்ளைக் கமேலியா: ஜப்போனிக்காவா, சசன்குவாவா?

கமேலியா என்ற பூச்செடியில் ஜப்போனிக்கா, சசன்குவா என்பவை இரண்டு வகைகள். பூவின் அழகை மட்டும் பார்த்தால் ஜப்போனிக்காதான். 1792-இல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஆல்பா பிளீனா ரகத்தின் அடுக்கு வெள்ளைக்கு ஈடே கிடையாது. ஆனாலும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது சசன்குவாவைத்தான்.

ஜப்போனிக்காவின் அடுக்குப் பூ வாடிப் பழுப்பேறியும் செடியிலேயே நிற்கும். வெள்ளையில் அது பளிச்சென்று தெரியும். தினமும் கிள்ளியாக வேண்டும். சசன்குவாவோ இதழ் இதழாக உதிர்ந்துவிடும். பூ சிறியதுதான், ஆனால் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும், லேசான மணமும் உண்டு. ஜப்போனிக்காவின் பெரிய மொட்டு விரியப் பல வாரம் ஆகும். இடையில் ஒருமுறை மண் காய்ந்தாலும் மொட்டு கொட்டிவிடும்.

எதை வைத்தாலும் கடைசியில் தீர்மானிப்பது தண்ணீர். கமேலியா தேயிலையின் இனம், மண்ணின் அமில-காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5 முதல் 6.5-க்குள் இருக்க வேண்டும். இங்குள்ள போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. ஊற்ற ஊற்ற அதிலுள்ள பைகார்பனேட் பி.எச்.சை ஏற்றிவிடும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதுதான் காரணம். யூரியா போட்டுப் பயனில்லை. கடையில் கிடைக்கும் இரும்பு உரத்தில் இ.டி.டி.ஏ. (EDTA) வகை, பி.எச். 6.5-ஐத் தாண்டினால் சரியாக வேலை செய்யாது. இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் தற்காலிகத் தீர்வுதான்.

மழைநீரைப் பிடித்து வைப்பதே நிரந்தர வழி. 100 சதுர அடி மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் சேரும். 14 அங்குலத் தொட்டிக்கு நாளுக்கு 2 லிட்டர் என்று வைத்தால், பிப்ரவரி முதல் மே வரை 240 லிட்டர். மூடிபோட்ட 500 லிட்டர் டேங்க் இரண்டு செடிக்குத் தாங்கும்.

ஆகவே தரையை விடத் தொட்டியே மேல். இலைமட்கு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, உப்புப் போகக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. செம்மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு கலந்த மண், அதை ஒதுக்கிவிடுங்கள். தண்டும் வேரும் சேருமிடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைத்தால் அழுகும். கவாத்து பூ முடிந்த கையோடு. தாமதித்தால் அடுத்த பருவத்து மொட்டையும் சேர்த்து வெட்டுவீர்கள்.

தருமபுரி நகரத்துச் சூட்டில் சசன்குவா பூக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஜப்போனிக்கா மொட்டு விரியக் குளிர் வேண்டும் என்பதால் அங்கே அது வேண்டவே வேண்டாம். அங்கே அடுக்கு நந்தியாவட்டைதான் சரி: ஒரு சாண் குச்சியை ஊன்றினால் வேர்பிடித்துவிடும், போர் தண்ணீரிலேயே ஆண்டு முழுக்கப் பூக்கும்.