வலது காலில் ஒரு டொக்

போன வாரம் என் பழைய சைக்கிளுக்கு மறுபடியும் கொட்டர், அதாவது பெடல் தண்டை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு, மாற்றினேன். நேற்றுக் காலை மீன் வாங்கப் போகும் வழியிலேயே சத்தம் திரும்பி வந்துவிட்டது. இதை எந்த மனநிலையில் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

லண்டனில் இருக்கும் என் அக்காவின் மகன் கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம். பழைய உடுப்பும் பழைய சைக்கிளுமாக ஊரைச் சுற்றிவரும் ஓட்டம் ஒன்றில் சேர ஆசைப்படுகிறான். 2009இல் அங்கே தொடங்கிய ட்வீட் ரன் மாதிரியானது. "மாமா, உங்களிடம் இருப்பது போல ஒன்று இங்கே விற்பனைக்கு வந்திருக்கிறது. கம்பி பிறேக், 28 அங்குலச் சில்லு, மூன்று கியர். வாங்கலாமா?" என்று கேட்டுப் படமும் அனுப்பியிருந்தான். படத்தைப் பெரிதாக்கி நான் முதலில் பார்த்தது கிராங்கை, பெடலைத் தாங்கும் அந்தத் தண்டைத்தான். ஒரு பக்கத்துக் கொட்டர் நட் துருப்பிடித்துக் கிடந்தது, மறுபக்கத்து நட் புதிதாக மினுங்கியது. அந்த வண்டியின் கதை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

என்னுடையது அப்பாவின் சைக்கிள். பதினொரு ஆண்டுகளாக என் கையில் இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது என்பது நிச்சயம், எந்தக் கம்பனி என்பது இன்றுவரை வீட்டு வழக்கு. தலைப் பட்டயம் எப்போதோ தொலைந்துபோயிற்று. பெரிய பற்சில்லைப் பார்த்தால் சாதி தெரியும் என்பார்கள்: ராலி என்றால் கொக்கு, ஹம்பர் என்றால் கைகோத்து நிற்கும் மனித உருவங்கள், றட்ஜ் என்றால் விரித்த கை. என் வண்டிக்கு யாரோ இடையில் மொட்டைப் பற்சில்லு ஒன்றைப் பூட்டிவிட்டார்கள். அப்பா ஒரு பெயர் சொல்வார், சித்தப்பா அடித்துச் சொல்லி வேறொரு பெயர் சொல்வார். இருவரும் போய்விட்டார்கள். வழக்கு அப்படியே நிற்கிறது.

வயதை மட்டும் பின் ஹப், அதாவது பின்சில்லின் நடுவில் கியர்களை அடக்கியிருக்கும் உருளை, காட்டிக்கொடுத்தது. ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பனி ஹப்பின் ஓட்டில் ஆண்டையும் மாதத்தையும் இலக்கமாகக் குத்தியிருப்பார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அரைமணி நேரம் தேய்த்தபோது 61 என்றும் 4 என்றும் தெரிந்தது. 1961 சித்திரை. எனக்கு மூத்தது.

அந்த ஹப்பைப் பற்றி நல்லதைத் தவிர வேறு எதுவும் சொல்ல எனக்கு வாயில்லை. 1936இல் வந்த அமைப்பு. இரண்டாம் கியர் நேரடி ஓட்டம், முதலாம் கியர் அதில் முக்கால், மூன்றாம் கியர் ஒன்றேகாலுக்கும் சற்று மேல். இந்த மூன்றும் திருகோணமலைக்குப் போதும். ஹப்பின் நடுவில் சின்ன மூடி ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து மாதத்துக்கு ஐந்தாறு துளி எண்ணெய் விடுகிறேன். பதினொரு ஆண்டில் ஒரு தடவைகூட அதைக் கழற்றவில்லை. அப்பாவும் கழற்றியதாக நினைவில்லை. சும்மா உருளும்போது உள்ளே இருந்து வரும் அந்த டிக் டிக் டிக், இரவில் உவர்மலைச் சரிவில் இறங்கும்போது கேட்டால், ஒரு கடிகாரம் நம்மோடு கூடவே வருவதுபோல இருக்கும். கியர் கம்பியைச் சரியாக இழுத்து வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. தளர்ந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பிடிமானமே இல்லாத ஓர் இடம் உண்டு. எழுந்து நின்று மிதிப்பவர் பாரில்தான் இருக்க நேரிடும். அது கம்பியைக் கவனிக்காதவனின் குற்றம், ஹப்பின் குற்றமல்ல.

சரி, கொட்டருக்கு வருகிறேன்.

தெரியாதவர்களுக்கு: பழைய சைக்கிளில் கிராங்கை நடு அச்சோடு பிணைத்து வைத்திருப்பது சின்னிவிரல் பருமனான ஓர் இரும்பு ஆப்பு. அதுதான் கொட்டர் பின். ஒரு பக்கம் சரிவாக அராவப்பட்டிருக்கும். அந்தச் சரிவு அச்சில் வெட்டியிருக்கும் தட்டையான இடத்தில் முழுமையாகப் படிந்து நெருக்க வேண்டும். நீங்கள் இடது காலால் மிதிக்கும் மிதி அத்தனையும் அந்தப் படிமானத்தின் வழியாகத்தான் சில்லுக்குப் போகிறது. இரும்பு மெதுமையாக இருந்தால் சரிவு நசுங்கும். நசுங்கினால் ஒரு மயிரிழை இடைவெளி வரும். அந்த இடைவெளியில்தான் டொக் குடியிருக்கிறது.

வலது பெடல் மேலிருந்து முன்னுக்கு வரும்போது ஒரு டொக். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று, அதே இடத்தில், அதே அளவில். கேட்பது காதல்ல, பாதம். சமதரையில் மறந்துவிடலாம். கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது மறக்க முடியாது. மரநிழலில் படுத்திருக்கும் மான்கள்கூடத் தலை தூக்கிப் பார்க்கின்றன. அந்த ஏற்றத்தில் என்னை யாராவது முந்திக்கொண்டு நடந்து போனால், அவர் திரும்பிப் பார்ப்பது என்னையல்ல, என் வலது காலைத்தான் என்று எனக்குப் படும்.

பதினொரு ஆண்டில் எத்தனை சோடி மாற்றினேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். இப்போது கடைகளில் கிடைக்கும் கொட்டர்களில் பல, இரும்பு என்று சொல்லத் தகாதவை. நகத்தால் கீறலாம் என்று சொன்னால் மிகை. அரம் வைத்தால் வெண்ணெய் போல வழிகிறது என்று சொன்னால் மிகையல்ல. 2022இல் எரிபொருளுக்கு வரிசை நின்ற நாட்களில் ஊரே பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தது. அப்போது அந்த வெண்ணெய்கூடக் கிடைக்கவில்லை. நான் மூன்று மாதம் டொக்கோடுதான் வாழ்ந்தேன். அதே நாட்களில் இரண்டு பேர் வீடு தேடி வந்து, நான் கனவிலும் கேட்காத விலைக்கு வண்டியைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. இன்று காலை அதை நினைத்து வருந்தினேன்.

கொட்டரைவிடக் கெடுதி செய்வது அதைப் போடும் விதம். நகரத்தில் ஒரு கடையில் பையன் ஒருவன் சைக்கிளைச் சாய்த்து வைத்துச் சுத்தியலால் ஓங்கி நாலு அடி அடித்தான். கிராங்குக்குக் கீழே முட்டுக் கொடுக்கவில்லை. அந்த அடி முழுவதும் நடு அச்சின் குண்டுகளுக்குத்தான் போகிறது. பிறகு நட்டை முறுக்கினான். நட் முறுக்குவதால் கொட்டர் இறுகாது, நட் அதை விழாமல் பிடித்திருக்க மட்டுந்தான். இதைச் சொன்னேன். "ஐயா, நான் இந்த வேலை எத்தனை வருசமாகச் செய்கிறேன் தெரியுமா?" என்று கேட்டான். அவனுக்கு வயது இருபது இருக்கும். வீடு வரும் முன்னே டொக்.

கிண்ணியாவில் ஒரு நானா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், கடையை மூடிவிட்டார், ஆனால் வீட்டு முற்றத்தில் தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுப்பார். 2009இல் பாலம் திறக்கும் முன்பு பாதை என்ற மிதவையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். அந்தக் காலத்தில் அப்பாவும் இவரிடம்தான் போனாராம். இப்போது 396 மீற்றர் பாலத்தில் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நான் போகிறேன்.

நானா செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சிமினி விளக்கைக் கொளுத்தி, கொட்டரின் சரிவை அதன் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைப்பார். மெல்ல உள்ளே நுழைத்து, ஒரு தட்டுத் தட்டி, திரும்ப வெளியே எடுப்பார். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் இரும்பு இரும்போடு தொட்டிருக்கிறது. முதல் தடவை ஓரத்தில் ஒரு கோடு மட்டும் அழிந்திருக்கும். அந்த இடத்தை அரத்தால் இரண்டே இழுப்பு. மறுபடியும் கரி, மறுபடியும் தட்டு. ஏழெட்டுத் தடவை. கடைசியில் சரிவு முழுவதும் ஒரே சீராகக் கரி அழிந்து மினுங்கும்போது, "இப்பதான் உட்கார்ந்திருக்கிறது" என்பார். பிறகு கிராங்குக்குக் கீழே கனத்த இரும்புக் குழாயை நிமிர்த்தி முட்டுக் கொடுத்து, கொட்டரைக் கடைசியாக இறக்குவார். இரண்டு பக்கக் கொட்டரையும் ஒரே அளவுக்கு அராவி, எதிரெதிர்த் திசையில் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நில்லாது. பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து திரும்ப இறுக்கச் சொல்வார். இந்தக் கடைசிச் சொல்லை நான் பெரும்பாலும் கேட்பதில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவர் போடும் கொட்டர் ஒன்றரை ஆண்டு நிற்கும். போன வாரம் அவருக்குக் காய்ச்சல். நானே போட்டேன். மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

மருமகன் கேட்டது ஓட்டத்துக்கு எந்த வண்டி நல்லது என்பது. இங்கேயும் நாங்கள் சில பேர் சேர்ந்து, சென்ற இரண்டு ஆண்டுகளாக ஆடி மாதத்தில் பழைய சைக்கிள் ஓட்டம் ஒன்று வைக்கிறோம். கோட்டை வாசலில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவுப் பாலம் கடந்து நிலாவெளி போய்த் திரும்புவது. நாற்பது வயது தாண்டிய வண்டியாக இருக்க வேண்டும், வேட்டியோ சேலையோ நீளக் காற்சட்டையோ உடுத்தியிருக்க வேண்டும், இவ்வளவுதான் சட்டம். இத்தாலியில் கயோலே என்ற ஊரில் 1997இல் தொடங்கிய எரோய்க்கா ஓட்டத்தின் சட்டங்களைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. வண்டி 1987க்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது. கியர் நெம்பு சாய்ந்த குழாயில் இருக்க வேண்டும். பெடலில் கால்கூடும் வாரும் வேண்டும். பிறேக் கம்பி ஹாண்டிலுக்கு வெளியால் வளைந்து வர வேண்டும். அது பந்தய வண்டிகளின் உலகம், வெள்ளை மண் வீதிகளில் மலையேறுபவர்களின் உலகம். மருமகன் அந்தப் பக்கம் போக நினைத்தால் என் வண்டி மாதிரி ஒன்றை நினைக்கவே கூடாது. அரிசிக் கடைத் தராசில் நிறுத்திப் பார்த்தேன், பத்தொன்பது கிலோ.

ஆனால் நிலாவெளி வீதியில் அந்தப் பத்தொன்பது கிலோ வரம். காபெட் வீதியில் 28 அங்குலச் சில்லு ஒரு தடவை வேகம் பிடித்தால் தானாகவே போய்க்கொண்டிருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால் மதில்களுக்கு மேலால் ஊர் தெரியும். யுத்த மயானத்தின் வெள்ளைக் கல் வரிசை, அதற்கப்பால் கடலின் ஒரு கீற்று. விலை கூடிய பந்தயச் சைக்கிளில் வந்த நண்பர் ஒருவர், முதுகை வளைத்துத் தன் முன்சில்லையே பார்த்துக்கொண்டு நிலாவெளி போய்ச் சேர்ந்தார். வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, வீதி நன்றாக இருந்தது என்றார். திரும்பும்போது கச்சான் காற்று எதிர்த்தது. முதலாம் கியரில் போட்டுக்கொண்டு எல்லோருடனும் கதைத்தபடியே வந்தேன். கியர் இல்லாத வண்டிக்காரர்கள் சாம்பல்தீவில் இறங்கித் தள்ளினார்கள். முதலாவது ஆண்டில் டொக் இல்லை. அந்தக் காலையைப் போல ஒரு காலை எனக்கு அதன் பிறகு வாய்க்கவில்லை. இரண்டாவது ஆண்டில் நிலாவெளி போய்ச் சேரும் முன்னே வலது கிராங்க் ஆடத் தொடங்கியது, கடைசி இரண்டு கிலோமீற்றரும் மெதுவாகத்தான் மிதித்தேன்.

கம்பி பிறேக்கைப் பற்றி ஒரு வரி. காய்ந்த வீதியில் போதும், மழையில் அது ஓர் ஆலோசனை மட்டுமே. லண்டனில் மழை உண்டு என்று கேள்வி.

ஆகவே மருமகனுக்கு: வாங்காதே. அழகைப் பார்த்து ஏமாறாதே. அப்படியும் வாங்குவதென்றால், பார்க்கப் போகும்போது கிராங்கைத் தரைக்குச் சமாந்தரமாக முன்னும் பின்னுமாக நிறுத்தி, இரண்டு பெடலையும் கையால் அழுத்து. பிறகு அரைச்சுற்றுச் சுற்றி மறுபடி அழுத்து. ஒரு பக்கம் கொஞ்சமாவது இசைந்து கொடுத்தால் பேசாமல் வீட்டுக்கு வா. ராலி என்று சொன்னால் நடு அச்சின் மரையையும் கேட்டுக்கொள். அந்தக் கம்பனி அங்குலத்துக்கு 26 மரை என்று தனக்கென ஓர் அளவு வைத்திருந்தது, மற்றவர்களின் 24 அதில் ஏறாது. இதையெல்லாம் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் கொட்டரே இல்லாத, சதுர அச்சு வைத்த எழுபதுகளின் வண்டி ஒன்றை எடு. காலும் மனமும் நிம்மதியாக இருக்கும். நான் உன் வயதில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

இன்னொன்று. அடுத்த விடுமுறைக்கு வரும்போது சொக்கலேட் வேண்டாம். அங்கே பழைய வண்டிக்காரர்கள் வாங்கும் கடையில் நல்ல உருக்கில் செய்த கொட்டர் கேட்டு வாங்கி வா. ஒன்பதரை மில்லிமீற்றர். ஒன்பது என்று சொன்னால் வாங்காதே, அது பிரெஞ்சுக்காரன் அளவு. ஆறு சோடி போதும். நானாவுக்கும் இரண்டு சோடி வைத்துக்கொள்.