டியூரர் வரைந்த பெண்கள்: எட்டுத் தாள் அச்சுத் தொகுப்பு

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், பல ஊர்ப் பெண்களின் உடைகளை வரைந்த தாள்களில் எட்டைத் தேர்ந்தெடுத்து, தடித்த காகிதத்தில் அச்சிட்டு விற்கும் தொகுப்பொன்றை அண்மையில் இணையத்தில் வாங்கினேன். தேர்வில் குறையில்லை, ஓரங்களை வெட்டிய கையைத்தான் மன்னிக்க முடியவில்லை.

முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது, 1495ஆம் ஆண்டளவில் வரையப்பட்டு இன்று பிராங்க்பர்ட்டின் ஷ்டேடல் அருங்காட்சியகத்தில் இருக்கும் பேனாச் சித்திரம். இடையை இறுக்கி, தலையைத் துணியால் மூடிய நியூரம்பெர்க் பெண்ணும், மார்புக்குச் சற்றுக் கீழேயே இடைக்கட்டு அமைந்த, தோள் தெரியும் கவுன் அணிந்த வெனிஸ் பெண்ணும் ஒரே தாளில் அருகருகே நிற்கிறார்கள். வெனிஸைப் பார்த்த கண்ணுக்குச் சொந்த ஊர்ப் பெண்ணின் உடையும் புதிதாகிவிட்டது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. கோடுகளின் மெல்லிய நடுக்கம்கூட அச்சில் தப்பியிருக்கிறது.

அடுத்தவை, வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் உள்ள 1500ஆம் ஆண்டுத் தாள்கள். நியூரம்பெர்க் பெண்கள் தேவாலயத்துக்கு எப்படிப் போவார்கள், நடனத்துக்கு எப்படிப் போவார்கள் என்று டியூரர் தம் கையாலேயே குறிப்பு எழுதியிருக்கிறார். 1521இல் வரைந்த, பால்டிக் கடலோரப் பகுதியான லிவோனியாவின் பெண்களுக்கும், தாம் ஒருநாளும் போகாத ஊராயினும், அதே பாணியில் செல்வர் வீட்டார், எளியவர் எனக் குறித்திருக்கிறார். அந்த எழுத்துகளைத்தான் இந்த அச்சகத்தார் அழுக்கென்று நினைத்தார்களோ என்னவோ, மூன்று தாள்களில் பாதிக்கு மேல் வெட்டித் தள்ளிவிட்டார்கள். குறிப்பில்லாவிட்டால் எந்த ஊர், எந்தத் தருணம் என்பதே போய்விடுகிறது. மிஞ்சுவது வெறும் துணி.

எனக்கு மிகவும் பிடித்தது, பெர்லினில் இருக்கும், டியூரரின் மனைவி ஆக்னெஸின் உருவம். 1520 ஜூலையில் மனைவியோடு நெதர்லாந்துப் பகுதிக்குப் புறப்பட்ட டியூரர், மறு ஆண்டு ஆண்ட்வெர்ப்பில் அந்நாட்டு உடையில் அவரை உலோக முனைக்கோலால் வரைந்து, மணமாகி 27 ஆண்டுகள் ஆனதையும் எழுதிவைத்தார். நல்லவேளையாக இந்தக் குறிப்பு தப்பியது. ஆனால் அசலில் கருநாவல் நிறமாக இருக்கும் தாள் இங்கே சாம்பல் நிறமாகியிருப்பதால், தலைத்துணியின் வெண்மை எடுபடவில்லை.

இந்தப் பெட்டியை இன்னொருவருக்குப் பரிசாக வாங்கித்தர மாட்டேன்; ஷ்டேடல் தாள் மட்டும் தனியாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.